கார் ரிப்பேர்: நாமே கழற்றுவதா, கடையில் விடுவதா?

"கிளட்ச் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று மெக்கானிக் ஒரு தொகையைச் சொல்கிறார். அன்றிரவே செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறோம். யாரோ ஓர் அமெரிக்கர் தன் வீட்டு ஷெட்டில் இருபது நிமிட வீடியோவுக்குள் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை மாற்றி, ஏற்றியும் விடுகிறார். நமக்கும் கை பரபரக்கிறது.

அவர் ஊரில் மெக்கானிக் கூலி மணிக்கு 100 டாலருக்கு மேல் போவது சகஜம். ஸ்பேனரைக் கையில் எடுத்தாலே அவருக்கு லாபம். நம் ஊர்ப் பில்லில் பெரிய தொகை ஸ்பேர்ஸுக்குத்தான் போகிறது, கூலிக்கு அல்ல. நமக்குக் கை கடிப்பது பெரும்பாலும் தேவையே இல்லாத வேலையைச் செய்யச் சொல்லும்போதுதான். எனவே பெரிய ரிப்பேரில் நாமே செய்ய வேண்டிய முதல் வேலை, கோளாறு எது என்று கண்டுபிடிப்பது. கழற்றிப் பூட்டுவதை யார் செய்வது என்பது அதற்கு அப்புறம். கீழே உள்ள குறிப்புகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. எஸ்டிமேட்டை ஸ்பேர்ஸ் தனி, கூலி தனி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். நீங்களே செய்தால் மிச்சமாவது கூலி மட்டும்தான். ஒரு சின்ன காருக்கு கிளட்ச் செட் 4,500 ரூபாய், கூலி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் சாக்கெட் செட் இல்லை, ஜாக் ஸ்டாண்ட் இல்லை, டார்க் ரெஞ்ச் இல்லை. மூன்றையும் சுமாரான தரத்தில் வாங்கினாலே அந்த 3,000 ரூபாயைத் தாண்டிவிடும். அடுத்தடுத்தும் காரில் கை வைக்கப்போகிறவருக்கு அது முதலீடு. இந்த ஒரு வேலையோடு சரி என்பவருக்கு நஷ்டம். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும், அதனால் மிச்சம் கொஞ்சம் கூடும். ஆனாலும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மனக்கணக்கில் நமக்குச் சாதகமாகத்தான் விடை வரும்.

2. "போயிடுச்சு" என்று சொன்னது உண்மையிலேயே போய்விட்டதா என்று நீங்களே பாருங்கள். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

கிளட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. இதுதான் கிளட்ச் ஸ்லிப். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுங்கள். பிரேக்கையும் மிதித்துக்கொண்டு டாப் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி ஆஃப் ஆனால் பிளேட் இன்னும் பிடிக்கிறது என்று பொருள். ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் ஆகிறது. இந்தச் சோதனையை ஒரே ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

ஸ்லிப் என்று தெரிந்தவுடனே கியர்பாக்ஸை இறக்கக் கிளம்பவும் வேண்டாம். ஆல்ட்டோ, பழைய வேகன்-ஆர் போன்ற வண்டிகளில் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள். பெடலைக் கையால் லேசாக அழுத்துங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, அதன் பிறகுதான் கனமாக வேண்டும். அந்த வெற்று அசைவுதான் ஃப்ரீ பிளே. அதன் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். தொட்டவுடனே கனமாக இருந்தால், நீங்கள் காலையே வைக்காதபோதும் கேபிள் கிளட்சைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸ் முனையில் கேபிளின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்லிப் நின்றுவிட வாய்ப்பு உண்டு. பெரிய செலவு என்று சொன்னது பத்து நிமிட வேலையில் முடிந்துவிடும். கேபிள் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால், அப்போது பிளேட்டைப் பற்றிப் பேசலாம்.

3. ஹீட் ஆகிறது என்றதும் "ஹெட் கேஸ்கெட்" என்ற பெயர் வந்துவிடும். அதற்கு முன்னால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா, அதன் ஃபியூஸும் ரிலேயும் சரியா, கூலன்ட் அளவு எப்படி, ஹோஸில் கசிவு உண்டா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் சில ரூபாய் சமாசாரம்.

கேஸ்கெட் போனதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. வெளியே சொட்டாமலே கூலன்ட் குறையும். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்மையாக, கெட்டியான பாலாடைபோல ஏதோ ஒட்டியிருக்கும். இந்தக் கடைசி அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில், தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் இப்படி ஆகும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயிலே நிறம் மாறிக் கலங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

4. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, டைனமோ சார்ஜ் செய்யவில்லை. இது தெரியாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டு, ஒரு வாரத்தில் அதுவும் இறங்கி நிற்பவர்கள் ஏராளம்.

5. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஓ.பி.டி. ஸ்கேனர் உதவும். 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனரை அதில் செருகினால் செல்போனிலேயே பிழைக் கோடு (code) தெரியும். ஒரு எச்சரிக்கை: கோடு சொல்வது அறிகுறியை, பழுதான பாகத்தை அல்ல. பி0300 என்று வந்தால் சிலிண்டர்கள் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் பொருள். காரணம் பிளக், காயில், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு என எதுவாகவும் இருக்கலாம். கோடை அழித்தால் விளக்கு அணையும். கோளாறு அப்படியே இருக்கும்.

6. கோளாறு தெரிந்துவிட்டது. இப்போது "என்னால் முடியுமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாருமே "முடியும்" என்றுதான் சொல்வோம். "தப்பாகப் பூட்டினால் என்ன ஆகும், அது எங்கே தெரியவரும்?" என்று கேளுங்கள்.

டைனமோ, செல்ஃப் மோட்டார், கண்ணாடி ஏற்றும் மோட்டார், ரேடியேட்டர் போன்றவற்றில் தப்பு நடந்தால் அநேகமாக வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். வண்டி கிளம்பாது, அல்லது தரையில் ஒழுகும். வெட்கமும் ஒரு நாள் வீணும்தான் நஷ்டம். தைரியமாக இறங்கலாம்.

டைமிங் பெல்ட், ஹெட் கேஸ்கெட் போன்றவற்றில் தப்பு நடந்தால் எஞ்சினுக்கே சேதம். பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டாலே வண்டி இழுக்காது. சில எஞ்சின்களில் அது பெரிதாகத் தவறினால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயின்ட், டை ராட் இவற்றில் நடக்கும் தப்பு வாசலில் தெரியாது. திண்டிவனம் தாண்டி நூறில் போகும்போது தெரியும். வேலை என்று பார்த்தால் பிரேக் பேட் மாற்றுவது டைனமோ மாற்றுவதைவிடச் சுலபம். ஆனால் சுலபம் என்பது வேறு, ஆபத்தில்லை என்பது வேறு. முதல் தடவை செய்கிறீர்கள் என்றால், பேடு மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு இருநூறு முந்நூறு கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

7. எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் வீட்டில் தொடக் கூடாதவை ஐந்து.

ஏர்பேக்: 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், அதற்கு முந்தைய பல வண்டிகளிலும் உண்டு. ஸ்டியரிங்கிலும் டாஷ்போர்டிலும் மஞ்சள் நிற கனெக்டர்களைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது வெடிமருந்தால் விரிகிற பை.

ஏ.சி. கேஸ்: குழாயைத் திறந்தால் பீறிட்டு வரும் கேஸ் தோலையும் கண்ணையும் உறையவைத்துப் புண்ணாக்கும். திரும்ப அடைக்க வாக்குவம் பம்ப்பும் கேஜும் வேண்டும்.

சஸ்பென்ஷன் ஸ்பிரிங்: முன்பக்க ஷாக் அப்சார்பர் மேல் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கான கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் பாய்ந்து வரும். முகத்துக்கு நேராக வந்தால் அவ்வளவுதான்.

காமன் ரெயில் டீசல்: உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். ஓடும் டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் குழாயில் அது 1,000 பாருக்கு மேலும் போகும். கசிவு எங்கே என்று விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்ன ஊசிக் குத்துப் போலத்தான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

மின்சார, ஹைபிரிட் கார்கள்: ஆரஞ்சு நிற கேபிள் ஓடும் இடங்கள் எல்லாம் உயிரைக் குடிக்கும் மின்சாரம். நெக்ஸான் போன்ற மின்சார கார்களில் அது 300 வோல்ட்டைத் தாண்டும்.

8. வாரன்டி முடியாத காரில் பெரிய வேலையை நீங்கள் தொடாதீர்கள். நீட்டித்த வாரன்டி எடுத்திருக்கிறீர்களா என்று பழைய பில்களைப் புரட்டிப் பாருங்கள். ஷோரூமில் வாங்கியபோதே சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், நாம் மறந்திருப்போம். ஃபுல் இன்சூரன்ஸ்கூட தேய்மானத்துக்கும் தானாக வரும் எஞ்சின் கோளாறுக்கும் பணம் தராது. விபத்து, வெள்ளம் என்றால் தரும்.

வெள்ளம் என்றதும் 2015 டிசம்பர்தான் சென்னைக்காரர்களுக்கு நினைவு வரும். அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகள் பலவற்றைக் கெடுத்தது தண்ணீர் மட்டுமல்ல, வடிந்த பிறகு சாவியைத் திருகிப் பார்த்த ஆர்வமும்தான். காற்று போக வேண்டிய சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்து பார்த்ததால் வந்த சேதம் என்றால், எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி இல்லாதவருக்கு கிளைம் கிடைப்பது கஷ்டம். ஆகவே மூழ்கிய வண்டியில் சாவி போடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் எதையும் பிரிக்கக் கூடாது.

9. எங்கே வைத்துச் செய்யப்போகிறீர்கள்? வீடியோக்காரருக்கு சிமென்ட் தளமும் கூரையும் இருக்கிறது. நமக்கு அபார்ட்மென்ட் பார்க்கிங், இரண்டு பக்கமும் அடுத்தவர் கார், நடுவில் தூண். அசோசியேஷன் என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே செக்ரட்டரியிடம் கேட்டுவிடுங்கள். கிரானைட், டைல்ஸ் தளத்தில் ஜாக் ஸ்டாண்ட் வழுக்கும், டைல்ஸும் விரிசல் விடும். அடியில் தடிமனான மரப்பலகை போடுங்கள். மண்தரையில் ஸ்டாண்ட் புதைந்துவிடும். சாய்வான தளத்தில் வண்டியைத் தூக்கவே கூடாது. தெருவில் வைத்துச் செய்வதென்றால் ஸ்டெப்னி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. ஜாக் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ மார்போ ஒரு நிமிடம்கூடப் போகக் கூடாது. வண்டியோடு வந்த ஜாக் டயர் மாற்ற மட்டுமே. ஸ்டாண்ட் போடுங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், அடியில் நுழையும் முன் வண்டியை இரண்டு கையாலும் உலுக்கிப் பாருங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்ட் அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் உடையும். வீட்டில் ஒருவராவது வேலை முடியும்வரை கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

11. டார்க் ரெஞ்ச் இல்லாமல் எஞ்சின் உள்வேலை வேண்டாம். "கைக்குத் தெரியும்" என்று மெக்கானிக் சொல்வதை நாமும் சொல்லக் கூடாது. அவர் கை இருபது வருஷம் பழகிய கை. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக, சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். சில எஞ்சின்களின் ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போதே நீள்பவை, ஒரு தடவைக்கு மேல் உதவாது. உங்கள் எஞ்சின் எந்த ரகம் என்பதற்குச் சர்வீஸ் மேனுவல்தான் ஆதாரம், வீடியோ அல்ல.

கேஸ்கெட் வேலையில் இன்னொரு விஷயம். ஹீட் ஆகிப் பழுதான எஞ்சினில் ஹெட் வளைந்திருக்கக்கூடும். நேர்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்காமல் புது கேஸ்கெட்டைப் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் போகும். வளைந்திருந்தால் மட்டம் பிடிக்க லேத்துக்குத்தான் போக வேண்டும். ஆக இதை "முழுக்க நானே செய்தேன்" என்று யாராலும் சொல்ல முடியாது. லேத்தில் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

12. ஸ்பேர்ஸ் கைக்கு வந்த பிறகே பானெட்டைத் திறவுங்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்குக்கூட வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும். 17 எழுத்துச் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு முழுக்க இந்தக் கடைகள்தான். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். டோர் கண்ணாடி, சைடு மிரர், கைப்பிடி, டைனமோ, ஏன், கியர்பாக்ஸ்கூட பழையது வாங்கலாம். பில் கேட்டு வாங்குங்கள். பிரேக் பாகங்கள், பால் ஜாயின்ட், டை ராட், கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட் இவை புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஒரு தடவை இறங்கினால் கிளட்ச் பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் மாற்றிவிட வேண்டும், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும். சீல் கசிந்து ஆயில் பட்டதால் பிளேட் போயிருந்தால், சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் அதே வேலை திரும்பவும் வரும்.

13. மேனுவலில் இரண்டு மணி நேரம் என்றிருந்தால் முதல் தடவை செய்கிறவருக்கு ஒரு நாள். துருப்பிடித்த ஒரு போல்ட் போதும், அரை நாளைத் தின்றுவிட. முந்தின நாளே டபிள்யூ.டி.-40 அடித்து ஊறவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்குவது நம் வழக்கம், ஆனால் அன்று பெரும்பாலான ஸ்பேர்ஸ் கடைகள் மூடியிருக்கும். ஒரு கிளிப் உடைந்தால் திங்கட்கிழமை வரை வண்டி பிரிந்தபடி கிடக்கும். ஒரு நாள் லீவு போட்டாவது கடை திறந்திருக்கும் நாளில் செய்யுங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போக வேண்டிய வாரத்தில் பெரிய வேலை எதையும் தொடவே தொடாதீர்கள். வேலைக்குப் போக இந்த ஒரே வண்டிதான் என்பவர், கைப்பழக்கம் எவ்வளவு இருந்தாலும், கடையில் விடுவதே நல்லது.

14. பாதி நீங்கள், பாதி மெக்கானிக் என்று ஒரு வழி இருக்கிறது. என் கணக்கில் நம் ஊருக்கு அதுதான் அதிகம் பொருந்தும். டைனமோவையோ செல்ஃப் மோட்டாரையோ நீங்களே கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் கொடுத்து, பிரஷ், பேரிங் மாற்றி வாங்கிவந்து நீங்களே பூட்டுங்கள். ரேடியேட்டருக்கும் இதே வழிதான். கிளட்ச் என்றால் ஸ்பேர்ஸை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், கூலி மட்டும் பேசுங்கள். சில மெக்கானிக்குகள் ஸ்பேர்ஸில் கிடைக்கும் கமிஷனையும் சேர்த்துத்தான் கூலியைக் குறைத்துச் சொல்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை: "அண்ணே, சாமான் நான் வாங்கித் தர்றேன், கூலியை நீங்க கட்டுப்படியாகிற மாதிரி சொல்லுங்க. பழைய பிளேட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நான் ஒருவாட்டி பார்க்கணும்." பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது சந்தேகப்படுவதல்ல. பிளேட்டின் ரிவெட் வரை தேய்ந்திருக்கிறதா, ஆயில் ஊறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் அடுத்த வண்டிக்கும் உதவும்.

முடிந்தால் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். கேள்வியை டீ நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கழற்றி, முடியாமல் பாதியில் விட்ட வண்டியை எந்த மெக்கானிக்கும் விரும்பி எடுக்க மாட்டார். எந்த போல்ட் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது, பழி மட்டும் அவருக்கு. "நடுவில் மாட்டிக்கிட்டா வந்து பார்ப்பீங்களா?" என்று ஆரம்பிக்கும் முன்பே ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

15. வண்டியே அந்தச் செலவுக்குத் தகுமா என்பதையும் யோசியுங்கள். சொந்த காரின் பதிவு 15 வருஷத்துக்கு. அப்புறம் எஃப்.சி. எடுத்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 14 வயதான வண்டிக்கு எஞ்சின் வேலை என்றால் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். அந்த எஞ்சினுக்குரிய பில்லும் காகிதமும் இல்லாவிட்டால் அங்கே வேலை நடக்காது.

அதே சமயம், விற்றால் சொற்பம்தான் வரும் என்கிற மாருதி 800 போன்ற பழைய வண்டிதான் கற்றுக்கொள்ள நல்லது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுவிட்டாலும் தெருவில் இன்னும் ஓடுகிறது. பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கிறது. புது கார்களில் ஹெட்லைட் பல்பு மாற்றவே சிலவற்றில் பம்பரைக் கழற்றவேண்டியிருக்கிறது.

16. கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ. போல்ட்டுகளை எடுத்த இடத்தின் பெயர் எழுதிய கவரில் போடுங்கள். வேலை தொடங்கும் முன் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், முடிந்த பின் அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

17. பூட்டி முடித்ததும் சாவியைத் திருகாதீர்கள். டைமிங் பெல்ட் வேலை என்றால் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் திரும்பவும் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். எங்காவது இடித்து நின்றால் பலம் போடாதீர்கள், ஏதோ தப்பு. பிரேக் பேட் மாற்றியிருந்தால், பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதித்த பிறகே கியர் போடுங்கள். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. லோயர் ஆர்ம், டை ராட் எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

18. மிச்சமாகும் பழைய ஆயிலைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். பழைய கேனில் பிடித்துப் பக்கத்து ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அவர்களிடமிருந்து எடுத்துப்போக ஆள் வருவது உண்டு. கூலன்ட்டில் இன்னும் கவனம் வேண்டும். அதில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். தட்டில் பிடித்து வைத்ததைத் தெருநாய் நக்கினாலும், குழந்தை விரலில் தொட்டு வாயில் வைத்தாலும் சிறுநீரகம் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கை கழுவப் போகும் முன் அந்தத் தட்டை மூடியுள்ள கேனுக்கு மாற்றி, தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.